விலை பாதி, செலவு முழுசு

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் ஒரு மஸ்டாங் வந்து நின்றால் போதும். பஸ் ஜன்னலோரம் இருப்பவர் முதல் ஷேர் ஆட்டோக்காரர் வரை எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். சிக்னலில் பச்சை விழுந்ததும் அந்த மஸ்டாங்கும் மற்ற வண்டிகளோடு சேர்ந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து போகும் என்பது வேறு விஷயம்!

புதுசு வாங்க முடியாதவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் என்று ஒரு வழி இருக்கிறது. புதிதாக எட்டு லட்சம் விற்ற கார் ஐந்து லட்சத்துக்கும், அறுபத்தைந்து லட்சம் விற்ற கார் அதில் பாதிக்கும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும், "அட, இது நமக்கும் எட்டும் போலிருக்கே" என்று தோன்றிவிடுகிறது. அங்கேதான் கணக்கு தப்புகிறது. வாங்கும் விலை ஒரு முறைதான். வைத்திருக்கும் செலவு மாதா மாதம். விற்கிறவர் முதலாவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார். இரண்டாவதை வாங்குகிறவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தை யோசிக்கத் தாம்பரத்தைவிட நல்ல இடம் கிடையாது. சுற்றிலும் கார் தொழிற்சாலைகள். மறைமலை நகரில் ஃபோர்டு 1990களின் பின்பாதியில் கார் தயாரிக்க ஆரம்பித்தது. மஹிந்திரா சிட்டி பக்கம் பி.எம்.டபிள்யூ. 2007-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-ல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையும், 1990-ல் திறந்த ரேஸ் டிராக்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. இத்தனைக்கும் முன்னாலேயே ஒரு பாடம் இங்கே நடந்து முடிந்துவிட்டது.

பெருங்களத்தூர் பாடம்

பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அந்தக் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தக் கம்பெனியின் கார்தான். 1985-ல் இவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அந்த ரோவர் 1976-ல் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு வந்து, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கி, ரேஸிலும் ஓடிய வண்டி. இங்கே அதே உடம்புக்குள் இரண்டு லிட்டர் பழைய வகை எஞ்சினை வைத்தார்கள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். விலையும் ராஜா விலை. பெட்ரோலையும் அப்படியே குடித்தது. ஆனால் ஓட்டத்தில் அந்தக் கம்பீரம் இல்லை. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்று, கம்பெனியும் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டிடங்கள் நிற்கின்றன.

கம்பெனி மூடினால் பங்குதாரருக்கு நஷ்டம் ஒரு முறை. காரை வாங்கியவருக்கு? ஒவ்வொரு முறை உதிரிபாகம் தேடும்போதும் நஷ்டம்! தயாரித்தவன் போய்விடுவான், கார் மட்டும் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது. 2025 அக்டோபரில் அங்கே எஞ்சின் தயாரிக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். அது நல்ல செய்திதான், ஆனால் பழைய ஐகான் 1.6 வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 1999-ல் வந்த அந்த ஐகான் 1.6 நடுத்தரக் குடும்பத்தின் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கொண்டாடப்பட்டது. ஃபியட் பாலியோ 1.6, 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ என்று இன்னும் சில பெயர்கள் உண்டு. ஃபியட் கார்களும் 2019-ஓடு இங்கே நின்றுவிட்டன. திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், சீடியா கதையும் அதேதான். ராலிக்காரர்கள் இன்றும் ஆசையாகப் பேசும் கார்கள் இவை. ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்காகப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஒரு இளைஞனும் ஐந்து லட்சமும்

கணக்குக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்ளலாம். வயது 25. சேலையூரில் வீடு. தாம்பரம் மெப்ஸில் வேலை. கையில் வாங்கும் சம்பளம் 45,000. பேங்கில் இரண்டு லட்சம் சேமிப்பு. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். தங்கை காலேஜ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவன் கண் வைத்திருக்கும் கார், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் இது இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். ஆனால் நம் ஊரில் பழைய கார் தேடும் இளைஞர்கள் 'ஸ்போர்ட்ஸ்' என்று சொன்னால் பாதி நேரம் இந்த மாதிரி வண்டியைத்தான் சொல்கிறார்கள். 2013-ல் வந்த கார். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு ஸ்பீடு இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். போலோ இந்தியாவில் 2022-ல் நின்றுபோனது.

ஐந்து லட்சம் விலை என்று வைத்துக்கொண்டு, மூன்று வருடம், வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? (விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும்.)

1. தேய்மானம்: மூன்று வருடம் கழித்து 3,20,000-க்கு விற்றால் போனது 1,80,000.
2. வட்டி: கையில் உள்ள இரண்டு லட்சம் போக மூன்று லட்சம் லோன், 14 சதவீதம், 36 மாதம். மாதத் தவணை சுமார் 10,250. மொத்த வட்டி 69,100.
3. இழந்த வட்டி: அந்த இரண்டு லட்சத்தை 6.5 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய 41,600. காமர்ஸ் வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று படித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற ஐட்டம் இதுதான்.
4. பெட்ரோல்: டவுனுக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,70,000.
5. இன்ஷூரன்ஸ்: வருடம் 15,000 வீதம் 45,000.
6. சர்வீஸ்: வருடம் 18,000 வீதம் 54,000.
7. நாலு டயர் ஒரு முறை: 32,000.
8. பெயர் மாற்றம், ஏஜென்ட், இதர செலவு: 10,000.
9. கியர்பாக்ஸுக்கு ஒதுக்கீடு: 1,00,000.

கூட்டினால் 8,01,700. ஐந்து லட்ச ரூபாய்க் கார், மூன்று வருடத்தில் எட்டு லட்சத்தை விழுங்குகிறது! கிலோமீட்டருக்கு 29 ரூபாய் 70 பைசா. மாதத்துக்கு சுமார் 22,300. அதாவது அவன் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி.

ஒன்பதாவது ஐட்டத்தைப் பார்த்து "அது ஏன்? ரிப்பேர் வராமலே போகலாமே?" என்று கேட்கலாம். வராமலும் போகலாம்தான். ஆனால் அந்தக் கியர்பாக்ஸின் உலர் கிளட்சுக்கு நின்று நின்று நகரும் டிராஃபிக் ஆகவே ஆகாது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால், அதற்கு எவ்வளவு வேலை என்று புரியும். கியர் மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும் இந்த வகைக் கியர்பாக்ஸில் தொல்லை கொடுத்துப் பேர் வாங்கியது. வாரன்டி முடிந்த வண்டியில் அது போனால் பில் ஆயிரத்தில் வராது. நல்ல கணக்குப்பிள்ளை, வராக்கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய்கிற மாதிரி இதற்கும் ஒதுக்கியே ஆகவேண்டும். ரிப்பேர் வராவிட்டால் அந்தப் பணம் அவனுக்கே லாபம்.

சரி, சாதா கார் வாங்கினால் செலவே இல்லையா?

நியாயமான கேள்வி. காரே வேண்டாம் என்பவனோடு ஒப்பிட்டால் எந்தக் காரும் தண்டச் செலவுதான். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் மின்சார ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட்டில் போய்விடலாமே! ஆகவே ஒப்பிட வேண்டியது இன்னொரு காரோடு.

அதே ஐந்து லட்சத்துக்கு ஒரு பழைய ஸ்விஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 1,80,000. தேய்மானம் 1,20,000. இன்ஷூரன்ஸ் 36,000. சர்வீஸ் 30,000. டயர் 20,000. ரிப்பேர் ஒதுக்கீடு 20,000. வட்டி, இழந்த வட்டி, பெயர் மாற்றம் எல்லாம் அதே 1,20,700. மொத்தம் 5,26,700.

வித்தியாசம் 2,75,000. மாதத்துக்கு சுமார் 7,600 ரூபாய். டர்போ தள்ளும்போது முதுகு சீட்டில் ஒட்டுகிறதே, அந்த சுகத்தின் உண்மையான விலை இதுதான். இப்படிப் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். "கார் வாங்கலாமா" என்பது ஒரு கேள்வி. "மாதம் 7,600 கொடுத்து அந்த சுகத்தை வாங்கலாமா" என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒருவர் யோசித்து 'ஆமாம்' என்று சொன்னால் அதில் தப்பே இல்லை. சிலர் அந்தப் பணத்தை சினிமாவிலும் ஹோட்டலிலும் விடுகிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ.சி.ஆரில் ஓட்டுவேன், செலவு குறையும்" என்று ஒரு வாதம் உண்டு. வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் பெட்ரோலில் 1,80,000 மிச்சம். மொத்தம் 6,21,700. ஆனால் ஓட்டியது வெறும் 9,000 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 69 ரூபாய்! மிச்சமெல்லாம் நிலையான செலவு. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் மீட்டர் ஓடும்.

பெரிய மீன்

இப்போது நிஜமான ஸ்போர்ட்ஸ் காருக்கு வரலாம். மஸ்டாங் ஜி.டி. 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம். ஐந்து லிட்டர் வி8. பழசு ஒன்று 35 லட்சத்துக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 35 லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி மட்டும் வருடம் 2,27,500. சாவியைத் தொடாமல் வைத்திருந்தாலே மாதம் 19,000 போகிறது. வருடம் பத்து சதவீதம் விலை இறங்கினால் முதல் வருடம் மூன்றரை லட்சம். போலோவின் ஒரு வருட மொத்தச் செலவைவிட இது அதிகம்.

இங்கேதான் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முக்கியமான சூத்திரம் இருக்கிறது. காரின் விலை இறங்குகிறது, உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. 65 லட்ச ரூபாய்க் காரின் பிரேக் டிஸ்க், பாதி விலைக்கு வாங்கினவருக்கு என்று பாதி விலையில் வராது. டயர்க்கடைக்காரரும் "நீங்க செகண்ட் ஓனர்தானே சார்" என்று தள்ளுபடி கொடுக்கமாட்டார். முதல் ஓனர் தேய்மானத்தைத் தாங்கிக்கொண்டு, ரிப்பேரை அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் போகிறார். பாதி விலைக்கு வாங்குகிறவருக்கு முழு விலைக்கு வாங்கினவரின் வருமானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெரிய பில்லிலேயே கார் மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். அப்படித்தான் சில வண்டிகள் நாலு வருடத்தில் நாலு ஓனர் பார்க்கின்றன.

காகிதத்தில் ஒளிந்திருக்கும் செலவுகள்

வெளி மாநில வண்டி: டில்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் தடை போட்டதிலிருந்து, அங்கிருந்து பழைய சொகுசுக் கார்கள் மலிவாகத் தெற்கே வந்தன. விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என். நம்பர் வாங்க வேண்டும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, இங்கே ஆயுள் வரி. அந்த வரியும் காரின் ஆரம்ப விலையை வைத்துத்தான், வயதுக்கு ஏற்பப் போடப்படுகிறது. மறுபடியும் அதே சூத்திரம்!

பதினைந்து வயது: தனியார் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. இறக்குமதி கார் என்றால் 40,000.

இன்ஷூரன்ஸ்: 2022 ஜூனில் நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் பிரீமியம் 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416. அதைத் தாண்டினால் 7,897. முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. ஐந்து முதல் பத்து வயதுக் காரில் விபத்து நடந்தால் உலோக பாகத்துக்கு 40 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மீதி சொந்தப் பணம்.

மாற்றம் செய்த வண்டி: சத்தம் போடும் சைலன்சர், எஞ்சின் கம்ப்யூட்டரில் கை வைத்தது என்று 'ஸ்போர்ட்ஸ்' வண்டிகளில் பாதி இப்படித்தான் வரும். கம்பெனி வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அபராதம் ஒரு பக்கம், கிளெய்ம் நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விகள் இன்னொரு பக்கம்.

பெட்ரோல்: இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023-க்கு முந்தைய கார்களில் பலவும் இதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. ரப்பர் குழாய், சீல் எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை என்று ஒரு செலவு

வேறு ஊர்க்காரர்கள் இதை எழுதமாட்டார்கள், தென்சென்னைக்காரர்கள் எழுதியே ஆகவேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் எப்படி நின்றன என்று யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணையை மூழ்கடித்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் காரையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். பயம் அவ்வளவு.

ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. மற்ற கார்கள் தப்பிக்கிற தண்ணீரில் இது மாட்டும். தண்ணீரில் நிற்கிற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், சாதாரண முழு இன்ஷூரன்ஸ் கூட அந்த எஞ்சினுக்குப் பணம் தராமல் போகலாம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகள் பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்கு வருகின்றன. அனுபவசாலி மெக்கானிக் யாரையாவது கூட்டிப்போனால் பாட்டைப் பார்க்கமாட்டார், பானெட்டைக்கூட அப்புறம்தான் திறப்பார். முதலில் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்ப்பார். "தம்பி, மேலே எவ்வளவு வேணா கழுவலாம், பெல்ட்டு அடியிலே இருக்கிற சேறு போகாது." சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் மண், விளக்குக்குள் ஈரம்... இத்தனையும் பார்த்த பிறகுதான் ஓட்டிப் பார்க்கவே உட்கார வேண்டும்.

அந்த இளைஞன் என்ன செய்யலாம்?

அவன் கணக்கில் ஆபத்தான எண் 8,01,700 கிடையாது. பேங்கில் இருக்கும் அந்த இரண்டு லட்சம்தான். அதை முன்பணமாகக் கொடுத்துவிட்டால், கார் வந்த அன்று வீட்டில் சேமிப்பு பூஜ்யம். தவணை 10,250, பெட்ரோல் 7,500, இன்ஷூரன்ஸும் சர்வீஸும் சேர்ந்து 2,750 என்று மாதம் 20,500 போன பிறகு கையில் 24,500. அதில் குடும்பம் நடக்கும். நல்ல மாதங்களில் ஒன்றும் தெரியாது. ஆனால் கியர்பாக்ஸ் போகிற மாதம், தங்கையின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதமாகவும், அப்பாவுக்கு டாக்டர் செலவு வந்த மாதமாகவும் இருந்துவிட்டால்? அப்போது அடகுக்கடைக்குப் போவது அம்மாவின் வளையல். அந்த வளையலைக் கேட்டு யாரும் கார் வாங்கவில்லை. விலைப் பட்டியலில் அது இல்லவே இல்லை.

ஆகவே 'வாங்காதே' என்பது பதில் இல்லை. 25 வயதில் ஓட்ட ஆசைப்பட்டதை 50 வயதில் ஓட்டினால் அதே சுகம் இருக்காது என்பதும் உண்மைதானே. மூன்று நிபந்தனை போதும்.

ஒன்று, காரின் விலையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, கார் வாங்கிய பிறகும் தனியாக பேங்கில் இருக்க வேண்டும். அது ரிப்பேருக்கு மட்டும். வீட்டின் அவசரப் பணம் அதிலும் சேராது.

இரண்டு, லோன் தவணையும் ஓட்டும் செலவும் சேர்ந்து சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. அவன் விஷயத்தில் அது 11,250. போலோ கணக்கு இதில் அடங்காது. ஆனால் இரண்டு வருடம் அந்த 20,500-ஐ கார் வாங்கியது போலவே நினைத்து மாதா மாதம் டெபாசிட்டில் கட்டிவந்தால், வட்டி சேராமலே 4,92,000 இருக்கும். அதோடு பழைய இரண்டு லட்சமும் தொடாமல் இருக்கும். அப்புறம் லோனே வேண்டாம், ஒதுக்கீடும் கையில் தயார். இரண்டு வருடம் அந்தப் பணத்தைக் கட்ட முடியவில்லை என்றால், காரையும் வைத்துக்கொள்ள முடியாது என்று அர்த்தம். காசு செலவில்லாத டெஸ்ட் டிரைவ் இது.

மூன்று, கம்பெனியே நாட்டை விட்டுப் போன கார் என்றால், அந்த மாடலை ரிப்பேர் செய்யத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகுதான் காரைத் தேட வேண்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வருமான வரிச் சட்டத்தில் தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்க இடம் உண்டு. ஆசைக்கு வாங்கின காருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. முழுசும் சொந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்த பிறகும் வாங்கத் தோன்றினால் தாராளமாக வாங்கலாம்... மழைக்காலம் முடிந்த பிறகு!